அந்நியத் துணி பகிஷ்காரம்: வரவு எவ்வளவு, பற்று எவ்வளவு?



அந்நியத் துணி எரிப்பைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம். மேடையில் பேசிய தலைவர்கள் பெயர் தெரியும், சிறை சென்ற தியாகிகள் பெயர் தெரியும். ஆனால் எரிந்த துணி எந்தக் கடையிலிருந்து வந்தது, அந்தச் சரக்குக்குப் பணம் கட்டியவர் யார், மறுநாள் காலையில் அந்தக் கடைக்காரர் எதை விற்றார் என்ற கேள்விகளைப் பாடப் புத்தகம் கேட்பதில்லை. அவற்றைக் கேட்க வேண்டியவர்கள் நாம்தான். பகிஷ்காரம் என்பது கடை வாசலில் நடக்கும் போராட்டம். அதில் வாங்குகிறவர் ஒரு நாள் மனசு வைத்தால் போதும். விற்கிறவர் தன் முதலையே வைக்க வேண்டும்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. நம்முடைய சங்கங்களுக்கும் அவ்வப்போது "இந்தச் சரக்கை விற்காதீர்கள், அந்தக் கம்பெனியை ஒதுக்குங்கள்" என்று கோரிக்கை வருகிறது. கூட்டத்தில் கைதட்டித் தீர்மானம் போடுவது சுலபம். அந்தத் தீர்மானம் கடைசி வரை நிற்குமா, நின்றால் யாருக்கு என்ன பலன் என்று அளந்து பார்க்க ஒரு முறை வேண்டும். அந்த முறையைக் கற்றுக்கொள்ள, நம் நாட்டில் நடந்த மிகப் பெரிய பகிஷ்காரத்தையே பாடமாக எடுத்துக்கொள்வோம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் பெரியவர்கள் சொன்னதுதானே.

தியாகத்தைக் குறைத்துப் பேசுவது இக்கட்டுரையின் நோக்கம் அல்ல. அடிபட்டவர்களின் கணக்கை எந்தப் பேரேட்டிலும் எழுத முடியாது. ஆனால் போராட்டத்தின் பலனை எழுதலாம், எழுதவும் வேண்டும்.

முதல் சுற்று: 1905 முதல் 1908 வரை

வைசிராய் கர்சன் பிரபு வங்காளத்தை இரண்டாகப் பிரித்தபோது, 1905 ஆகஸ்ட் 7ஆம் தேதி கல்கத்தா டவுன் ஹாலில் கூடிய கூட்டம் பிரிட்டிஷ் சரக்கை ஒதுக்கத் தீர்மானித்தது. ஒரு வருஷம் கழித்து 1906 செப்டம்பரில் கல்கத்தா சுங்க அதிகாரி கணக்குப் பார்த்தார். முந்தைய ஆகஸ்டைவிட இறக்குமதித் துணி அளவில் நூற்றுக்கு 22 குறைந்திருந்தது. பூட்ஸ், செருப்பு நூற்றுக்கு 68, சிகரெட் நூற்றுக்கு 55 என்று குறைந்திருந்தன. உப்பு மட்டும் நூற்றுக்கு 11தான் குறைந்தது.

நம் கண்ணுக்கு இந்த எண்களில் ஒரு பாடம் உடனே தெரியும். செருப்பும் சிகரெட்டும் வசதியுள்ளவர்கள் வாங்கியவை. மனசு வைத்தால் விட்டுவிடலாம், உள்ளூரிலேயே மாற்றும் கிடைத்தது. துணியும் உப்பும் ஏழைக்கும் வேண்டியவை. மாற்றுச் சரக்கு அதே விலையில் இல்லாதபோது அவை எளிதில் குறையவில்லை. அந்த 22கூட முழுவதும் தேசபக்தியால் வந்தது என்று சொல்ல முடியாது. கல்கத்தாவின் மார்வாரித் துணி வியாபாரிகளுக்கும் மாஞ்செஸ்டர் கம்பெனிகளுக்கும் இடையே வியாபார நிபந்தனைகளைப் பற்றி அதே சமயத்தில் தகராறு இருந்தது. பிரிட்டிஷ் துணி குறைந்ததும் பம்பாய் மில் துணி விலை ஏறியது. கிழக்கு வங்காளத்துக் கிராமங்களில் ஏழைக் குடியானவர்களை, அவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள், விலை கூடிய துணியை வாங்கும்படி நிர்ப்பந்தம் செய்தார்கள். 1907இல் அங்கே கலகம் மூண்டது. பகிஷ்காரத்தை முதலில் ஆதரித்த ரவீந்திரநாத் தாகூர் அதிலிருந்து விலகியதற்கு இந்த நிர்ப்பந்தமும் ஒரு காரணம். வங்கப் பிரிவினை 1911 டிசம்பரில் ரத்தானது. ஆனால் துணி விஷயத்தில் அந்தப் பகிஷ்காரம் அதற்கு முன்பே தளர்ந்துவிட்டது.

அதே காலத்தில் நம் பக்கத்தில் தூத்துக்குடியில் வேறு வழியில் ஒரு முயற்சி நடந்தது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கப்பல்தான் ஓடியது. வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906 அக்டோபர் 16ஆம் தேதி சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்ச ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் தலைவராக இருந்தார். ஹாஜி முகமது பக்கீர் சேட் மட்டும் 2 லட்ச ரூபாய்க்குப் பங்கு எடுத்தார். "அவன் கப்பலில் ஏறாதே" என்று சொல்வதோடு நில்லாமல் "இதோ நம் கப்பல்" என்று கொண்டுவந்து நிறுத்தியதுதான் இதில் முக்கியம்.

எதிர்க் கம்பெனி என்ன செய்தது? கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறங்கியது. அதன்பின் வெள்ளைக்காரக் கம்பெனி இலவசமாகவே ஏற்றிக்கொண்டு, கையில் குடையும் கொடுத்தது என்பது பிரசித்தம். 1908 மார்ச் 12ஆம் தேதி வ.உ.சி. கைதானார். ஜூலையில் கடுமையான தண்டனை விதித்தார்கள். 1911க்குள் கம்பெனி முடிந்துவிட்டது, அதன் கப்பல் போட்டிக் கம்பெனிக்கே போய்ச் சேர்ந்தது. நட்டத்தில் விற்றுப் போட்டியாளரைத் துரத்துவது இன்றைக்கு வந்த தந்திரம் என்று நினைக்கிறவர்கள் இந்த வரலாற்றை ஒரு முறை படிக்க வேண்டும். மாற்றுச் சரக்கு இருந்தால் மட்டும் போதாது. போட்டியாளர் விலையை உடைக்கும் நாட்களைத் தாங்க நடைமுதல் வேண்டும். ஒரு மனிதர் சிறைக்குப் போனாலும் நிர்வாகம் நிற்காத ஏற்பாடும் வேண்டும்.

இரண்டாவது சுற்று: 1920 முதல் 1922 வரை

1921 ஜூலை கடைசியில் பம்பாயில் கூடிய காங்கிரஸ் கமிட்டி, செப்டம்பர் 30க்குள் அந்நியத் துணி பகிஷ்காரம் பூர்த்தியாக வேண்டும் என்று தீர்மானித்தது. ஜூலை 31ஆம் தேதி பம்பாய் பரேலில் பெரிய துணி எரிப்பு நடந்தது. இரண்டு மாதக் கெடு என்பது வியாபாரம் தெரிந்தவர்கள் வைக்கும் கெடு அல்ல. இங்கிலாந்துக்கு ஆர்டர் போட்டால் சரக்கு வந்து சேரவே பல மாதம் ஆகும் காலம் அது. கிடங்கில் ஒரு வருஷத்துச் சரக்கு இருக்கும், அதற்குமேல் கப்பலில் வந்துகொண்டும் இருக்கும்.

இந்தக் கெடு முடிவதற்கு எட்டு நாள் முன்பு, 1921 செப்டம்பர் 22ஆம் தேதி, நம் மதுரை மேலமாசி வீதியில்தான் காந்தியடிகள் மேல்துணியைத் துறந்து முழங்கால் அளவு வேட்டிக்கு மாறினார். அதற்கு அவர் சொன்ன காரணத்தை நாம் கவனித்துப் படிக்க வேண்டும். ரயிலில் கண்ட ஜனங்களிடம் கதர் உடுத்தும்படி சொன்னபோது, கதர் வாங்கும் அளவுக்குத் தங்களிடம் பணம் இல்லை என்று அவர்கள் சொன்னார்கள். லட்சக்கணக்கான ஏழைகள் அந்நியத் துணியை எறிந்துவிட்டு அதே அளவுக்குக் கதர் வாங்க முடியாது என்பதை அவர் ஒப்புக்கொண்டார். குறைவான துணியோடு இருந்துகொள்ளுங்கள் என்று அவர்களிடம் சொல்வதற்கு முன்பு தாமே குறைத்துக்கொண்டார்.

இதைத் தியாகம் என்று நாம் போற்றுகிறோம். அது தியாகம்தான். அதே சமயம், சந்தையில் மாற்றுச் சரக்குப் போதாது, இருப்பதும் விலை கூடுதல் என்ற உண்மையை ஒளிக்காமல் சொன்ன செயலும் அது. தலைவர் பற்றாக்குறையை மறைக்கவில்லை, அதில் தன் பங்கை முதலில் ஏற்றுக்கொண்டார். பகிஷ்காரத்துக்கு மக்களிடம் நம்பிக்கை வந்ததற்கு இந்த நேர்மை ஒரு பெரிய காரணம் என்பது என் கருத்து.

பலன் என்ன? அந்நியத் துணி இறக்குமதியின் மதிப்பு 1920-21இல் 102 கோடி ரூபாய். 1921-22இல் 57 கோடி. பார்த்தால் பாதிக்குச் சற்று மேல்தான் மிச்சம். ஆனால் இந்த எண்ணை அப்படியே பகிஷ்காரத்தின் வரவில் எழுதக்கூடாது. இரண்டு விஷயங்களைக் கழிக்க வேண்டும்.

ஒன்று, விலை. இது ரூபாய்க் கணக்கே தவிர கெஜக் கணக்கு அல்ல. யுத்தம் முடிந்ததும் உச்சத்துக்கு ஏறிய துணி விலை அதன்பின் சரிந்தது. விலை சரிந்தால் அதே சரக்குக்கும் மதிப்புக் குறைவாகவே காட்டும்.

இரண்டாவது, நாணய மாற்று. 1920 தொடக்கத்தில் ரூபாயின் மதிப்பு 2 ஷில்லிங்குக்கும் மேலே போனது. அரசாங்கமும் ரூபாய்க்கு 2 ஷில்லிங் என்று நிர்ணயித்தது. அதை நம்பி வியாபாரிகள் ஏராளமாக ஆர்டர் கொடுத்தார்கள். சரக்கு வந்து பில்லுக்குப் பணம் கட்டும் நேரத்தில் ரூபாய் பழையபடி 1 ஷில்லிங் 4 பென்ஸ் அளவுக்கு இறங்கிவிட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 பவுன் பில்லுக்கு 2 ஷில்லிங் வீதத்தில் 1,000 ரூபாய் கட்ட வேண்டும். 1 ஷில்லிங் 4 பென்ஸ் வீதத்தில் 1,500 ரூபாய். ஒரே சரக்குக்கு 500 ரூபாய் கூடுதல், அதுவும் துணி விலை இறங்கிய நேரத்தில். வட இந்தியாவின் துணி வியாபாரிகள் சங்கங்கள் "2 ஷில்லிங் வீதத்தில்தான் கட்டுவோம்" என்று மறுத்தன. அந்த நிலையில் புதிய ஆர்டர் போடமாட்டேன் என்று உறுதிமொழி எழுதுவது பலருக்கு நட்டமில்லாத காரியமாக, சிலருக்கு லாபமாகவே இருந்தது.

இதனால் அவர்களுடைய தேசபக்தி பொய் என்று ஆகாது. சுயநலமும் பொதுநலமும் ஒரே திசையில் போகும்போது பகிஷ்காரம் வேகமாகப் பற்றும் என்பதுதான் பாடம். நாணய மாற்று நிலைப்பட்டு, 1922 பிப்ரவரியில் சௌரி சௌராச் சம்பவத்தால் இயக்கமும் நிறுத்தப்பட்ட பிறகு இறக்குமதி மெல்லத் திரும்பிவிட்டது.

இடைக்காலத்தில் நடந்த ஒரு காரியத்தையும் சொல்ல வேண்டும். 1925இல் அகில இந்திய நூற்போர் சங்கம் ஏற்பட்டது. தமிழ்நாட்டில் திருப்பூர் கதருக்குப் பெரிய கேந்திரமானது. நூல் நூற்பவர், நெய்பவர், வெளுப்பவர், விற்பவர் என்று ஒரு சங்கிலி உருவானது. கோஷம் இல்லாத அந்த ஆண்டுகளில் சேர்த்த சரக்குதான் அடுத்த சுற்றுக்குக் கை கொடுத்தது.

மூன்றாவது சுற்று: 1930 முதல் 1934 வரை

1930 ஏப்ரலில் காந்தியடிகள் தண்டியில் உப்பெடுத்தார், ராஜாஜி வேதாரண்யத்துக்கு நடந்தார். அதைத் தொடர்ந்து அந்நியத் துணிக் கடைகளின் முன்னால் மறியல் நாடெங்கும் பரவியது. பெண்கள் இதை முன்னின்று நடத்த வேண்டும் என்று காந்தியடிகள் கேட்டுக்கொண்டார். சென்னை கோடவுன் தெருவிலும் ஜவுளிக் கடைகளுக்கு முன் தொண்டர்கள் நின்றார்கள், போலீஸ் அடித்தது. பம்பாயில் 1930 டிசம்பர் 12ஆம் தேதி அந்நியத் துணி ஏற்றி வந்த லாரியை மறித்த பாபு கேனு என்ற மில் தொழிலாளி அதன் சக்கரத்தில் உயிர் விட்டார்.

இம்முறை கடைக்காரர்களை அணுகிய விதத்திலும் மாற்றம் இருந்தது. முன்பு எரிப்பதுதான் பெரிதாகத் தெரிந்தது. இப்போது கடைக்காரரிடம் "இன்ன காலம் வரை புது ஆர்டர் போடமாட்டேன்" என்று எழுதி வாங்கினார்கள். கையிருப்பு பேல்களைக் கட்டிக் காங்கிரஸ் முத்திரை வைத்துக் கிடங்கிலேயே நிறுத்தினார்கள். சரக்கு அழியவில்லை, முதல் முடங்கியது. எரித்தால் நட்டம் அன்றே முழுசாக வரும். முத்திரை வைத்தால் வட்டியும் கிடங்கு வாடகையும் மாதா மாதம் ஏறும். எது தாங்கக்கூடியது என்று உங்களுக்கே தெரியும். ஆனால் மாதங்கள் ஆக ஆக முத்திரையை உடைக்கலாமா என்ற ஆசையும் கூடவே வளரும். அப்படித்தான் பல ஊர்களில் நடந்தது.

இனி எண்களைப் பார்ப்போம். இம்முறை கெஜக் கணக்கு இருப்பதால் விலை குழப்பாது. எல்லாம் சுமார் கணக்கு.

பிரிட்டிஷ் துணி இறக்குமதி: 1929-30இல் 125 கோடி கெஜம், 1930-31இல் 52 கோடி கெஜம்.
ஜப்பான் துணி இறக்குமதி: 56 கோடி கெஜத்திலிருந்து 32 கோடி கெஜம்.
எல்லா நாட்டுத் துணியும் சேர்த்து: 192 கோடி கெஜத்திலிருந்து 89 கோடி கெஜம்.
இந்திய மில் உற்பத்தி: 242 கோடி கெஜத்திலிருந்து 256 கோடி கெஜம்.

இறக்குமதி ஒரே வருஷத்தில் 103 கோடி கெஜம் குறைந்திருக்கிறது. நம் மில்கள் கூடுதலாகத் தந்தது 14 கோடி கெஜம்தான். மீதி 89 கோடி கெஜம் எங்கே போனது? கைத்தறியும் கதரும் ஒரு பங்கை நிரப்பியிருக்கும். கடைகளில் கிடந்த பழைய இருப்பு ஒரு பங்கு விற்றிருக்கும். ஆனால் பெரும் பங்கு, ஜனங்கள் துணி வாங்குவதையே குறைத்துக்கொண்டது என்றுதான் கொள்ள வேண்டும். 1929இல் அமெரிக்காவில் தொடங்கிய உலக மந்தம் இங்கே நெல், பருத்தி விலையைச் சாய்த்துவிட்டது. குடியானவர் கையில் காசு இல்லை. அதை மறந்துவிட்டு, குறைந்தது எல்லாம் மறியலால்தான் என்று எழுதினால் அது பொய்க் கணக்கு.

அப்படியானால் மறியலுக்குப் பங்கே இல்லையா? உண்டு. மந்தம் பிரிட்டனுக்கும் ஜப்பானுக்கும் பொது. ஆனால் பிரிட்டிஷ் துணி நூற்றுக்கு 58 குறைந்தபோது ஜப்பான் துணி நூற்றுக்கு 43தான் குறைந்தது. இத்தனைக்கும் 1930 தீர்வைச் சட்டப்படி பிரிட்டிஷ் துணிக்கு நூற்றுக்கு 15, மற்ற நாட்டுத் துணிக்கு நூற்றுக்கு 20. தீர்வைச் சலுகை இருந்தும் பிரிட்டன் அதிகம் இழந்தது. ஜப்பான் அதற்கு முன்பே ஏறுமுகமாகவும் பிரிட்டன் இறங்குமுகமாகவும் இருந்ததால் அந்த வித்தியாசம் முழுவதையும் மறியலின் பேரில் வரவு வைக்க முடியாது. ஆனால் ஒரு நல்ல பங்கு நிச்சயம் அதற்குச் சேரும். மந்தத்தில் கை மெலிந்த வாடிக்கையாளரிடம் "இந்தத் துணி வேண்டாம்" என்று சொல்ல ஒரு காரணமும் சேர்ந்தபோது இரண்டும் ஒன்றையொன்று பலப்படுத்தின.

1931 மார்ச் 5ஆம் தேதி காந்தி-இர்வின் ஒப்பந்தம் ஏற்பட்டது. பிரிட்டிஷ் சரக்கை அரசியல் ஆயுதமாக ஒதுக்குவதை நிறுத்தவும், உள்நாட்டுத் தொழிலை வளர்க்க அமைதியாக மறியல் செய்யலாம் என்றும் அதில் கண்டிருந்தது. அதே வருஷம் செப்டம்பரில் காந்தியடிகள் லங்காஷயரின் டார்வென் பகுதிக்கே போய், வேலை இழந்த மில் தொழிலாளர்களைச் சந்தித்தார். அவரால் பிழைப்புப் போனவர்கள் அவரைச் சூழ்ந்து நின்று ஆரவாரம் செய்த புகைப்படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். எதிரி நாட்டுத் தொழிலாளியிடம் நேரில் போய்க் காரணம் சொல்லும் துணிவு இருந்ததால்தான், இது மனிதர் மேல் பகை அல்ல, முறையின் மேல் எதிர்ப்பு என்பதை உலகம் நம்பியது.

பற்றுப் பக்கம்

வரவை எழுதியவர் பற்றையும் எழுத வேண்டும்.

முதலில் நெசவாளர். நம் மதுரையின் சௌராஷ்டிர நெசவாளர்களைப் போன்றவர்களுக்கு உயர் நம்பர் நூல் பெரும்பாலும் கப்பலில் வந்தது, சாயமும் வெளிநாட்டிலிருந்து வந்தது. கையால் நெய்தாலும் அந்நிய நூல் கூடாது என்று விதித்தால் முதலில் நிற்பது அவர்கள் தறி. எது சுதேசி என்பதே குழப்பமானது. மதுரையில் 1892இல் ஏற்பட்ட ஹார்வி மில்லில் வேலை செய்தவர்கள் நம் ஊர்க்காரர்கள், முதலாளி வெள்ளைக்காரர். அந்த நூல் சுதேசியா, விதேசியா? இப்படிப்பட்ட கேள்விகளுக்காகவே எந்த மில் சரக்கை ஏற்பது என்று காங்கிரஸ் பட்டியல் போட வேண்டி வந்தது.

இரண்டாவது, நிர்ப்பந்தம். மறியல் அமைதியாக நடந்த ஊர்கள் பல. எல்லா ஊரும் அப்படி இல்லை. 1931 பிப்ரவரியில் காசியில் அந்நியத் துணி விற்ற ஆகா முகமது ஜான் என்ற வியாபாரியைச் சுட்டுக் கொன்றார்கள், கலகம் மூண்டது. அடுத்த மாதம் பகத் சிங் தூக்கிலிடப்பட்டபோது கான்பூரில் கடையடைக்க மறுத்த முஸ்லிம் கடைக்காரர்களை வற்புறுத்தியதில் தொடங்கிய கலவரம் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனது. கடையை மூடு என்று கேட்பதற்கும் மூடவைப்பதற்கும் இடையில் ஒரு கோடு இருக்கிறது. அதைத் தாண்டிய இடங்களில் பகிஷ்காரம் பல வருஷம் சேர்த்த நல்ல பெயரை ஒரே நாளில் இழந்தது.

மூன்றாவது, எதிர்பாராத கை லாபம். 1932-33க்குள் மறியல் தளர்ந்தபோது பிரிட்டிஷ் துணி 60 கோடி கெஜத்துக்கு ஏறியது. ஜப்பான் துணி 58 கோடி கெஜத்தை எட்டி ஏறக்குறையச் சமமாகிவிட்டது.  1933இல் அரசாங்கம் பிரிட்டன் அல்லாத துணிக்குத் தீர்வையை நூற்றுக்கு 75 ஆக உயர்த்தியது. உடனே ஜப்பான் மில்காரர்கள் இந்தியப் பருத்தியை வாங்கமாட்டோம் என்று பகிஷ்காரம் செய்தார்கள். 1934 தொடக்கத்தில் உடன்படிக்கை ஆகும் வரை தவித்தவர் நம் பருத்தி விவசாயி. பகிஷ்காரம் இருபுறமும் கூரான கத்தி.

மீதித் தொகை

இரு பக்கத்தையும் கூட்டிக் கழித்தால் என்ன நிற்கிறது?

குறித்த தேதிக்குள் அந்நியத் துணியை நிறுத்துவது என்ற இலக்கு ஒரு சுற்றிலும் நிறைவேறவில்லை. பகிஷ்காரம் மட்டுமே சுதந்திரத்தைக் கொண்டுவந்தது என்றும் சொல்ல முடியாது. ஆனால் நிலைத்து நின்ற பலன் ஒன்று உண்டு. முதல் உலக யுத்தத்துக்கு முன் ஆண்டுக்கு 300 கோடி கெஜத்துக்கு மேல் இங்கே துணி அனுப்பிய பிரிட்டன், 1938-39இல் 20 கோடி கெஜத்துக்குச் சற்று மேல்தான் அனுப்பியது. நடுவில் இடம் காலியான நேரத்தில் நம் மில்கள் பெருகின. உற்பத்தி 1931-32லேயே 299 கோடி கெஜத்தை எட்டியது. பைக்காரா மின்சாரம் வந்தபின் கோயம்புத்தூரில் பஞ்சாலைகள் வளர்ந்தன. வாடிக்கையாளர் ஒரு முறை நல்ல மாற்றுக்குப் பழகிவிட்டால் பழைய சரக்கு திரும்பி வருவது கடினம். மறியல் திறந்த கதவில் மில்லும் தறியும் நுழைந்து உட்கார்ந்துகொண்டன.

இன்னொன்றும் உண்டு. 1933இல் லங்காஷயர் ஆலைக்காரர்களின் தூதுக்குழு பம்பாய்க்கு வந்து, இந்திய மில் முதலாளிகளோடு உட்கார்ந்து பேரம் பேசி ஒப்பந்தம் செய்துகொண்டது. அந்த ஒப்பந்தத்தை இங்கே பலர் குறை சொன்னார்கள், அது வேறு விஷயம். நம் தீர்வையை லண்டனில் தீர்மானிக்க வைத்தவர்கள் நம் ஊருக்கு வந்து கேட்கும் நிலைக்கு இறங்கினார்களே, அது பெரிய மாற்றம். இந்தியச் சந்தையில் லங்காஷயருக்கு இருந்த பிடி தளர்ந்தபோது, இந்தியாவைப் பிடித்து வைத்திருப்பதால் பிரிட்டனுக்குக் கிடைத்த லாபங்களில் முக்கியமான ஒன்று கரைந்தது. ஆகவே என் கணக்கில் பகிஷ்காரம் லாபத்தில்தான் முடிகிறது. ஆனால் அந்த லாபம் கெடு வைத்த இரண்டு மாதத்தில் வரவில்லை, முப்பது வருஷத்தில் வந்தது. மறியலில் நின்றவர்களோடு நூற்றவர், நெய்தவர், முதல் போட்டவர் எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு.

நமக்கு உதவும் ஐந்து கேள்விகள்

இந்த வரலாற்றிலிருந்து நம் சங்கங்கள் எடுத்துக்கொள்ளக்கூடிய அளவுகோல் ஒன்றைக் கீழே தருகிறேன். பகிஷ்காரக் கோரிக்கை எது வந்தாலும் தீர்மானத்துக்கு முன்பு இந்த ஐந்தையும் கேளுங்கள்.

1. இலக்கு என்ன? யாரிடம் எதைக் கேட்கிறோம், எது கிடைத்தால் நிறுத்துவோம் என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிய வேண்டும்.

2. மாற்றுச் சரக்கு எங்கே? நம் கடைக்கு வரும் மிக ஏழையான வாடிக்கையாளர் வாங்கும் விலையில், தினமும் தடையில்லாமல் கிடைக்குமா?

3. நட்டம் யார் தலையில்? கையிருப்பைக் கம்பெனி திரும்ப எடுக்குமா? இல்லையென்றால் சங்கம் எந்த அளவுக்குப் பகிர்ந்துகொள்ளும்? பெரிய கடை தாங்கும் நட்டத்தைத் தெருமுனைப் பெட்டிக்கடை தாங்காது.

4. மனமொத்தா, மிரட்டியா? சேராத கடைக்காரரிடம் நம் ஆட்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று முன்கூட்டியே விதி எழுதி வைத்திருக்கிறோமா?

5. பலனை எப்படி அளப்போம்? நாம் செய்ததால் எவ்வளவு, வேறு காரணத்தால் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கக் கணக்கு வைத்திருக்கிறோமா?

சமீப உதாரணம் ஒன்றோடு இதைப் பொருத்திப் பாருங்கள். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்த கையோடு, அந்நியக் குளிர்பானங்களை மார்ச் 1ஆம் தேதி முதல் விற்பதில்லை என்று தமிழக வணிகர் அமைப்புகள் அறிவித்தன. தாமிரபரணித் தண்ணீர் பற்றிய கோபமும் அதில் இருந்தது. முதல் கேள்விக்கு அரைகுறைப் பதில்தான் இருந்தது. எது நடந்தால் விற்பனை திரும்பும் என்று தெளிவாக இல்லை. இரண்டாவது கேள்விக்கு நல்ல பதில் இருந்தது. 1916இல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க் போன்ற நம் பக்கத்துப் பானங்கள் தயாராக இருந்தன, அவற்றைக் கேட்டு வாங்குகிறவர்கள் அந்தக் கோடையில் கூடினார்கள். மூன்றாவது, ஐந்தாவது கேள்விகளைப் பெரும்பாலான இடங்களில் யாரும் கேட்கவே இல்லை. காலப்போக்கில் அந்தப் பாட்டில்கள் கடைகளுக்குத் திரும்பின. ஆனாலும் உள்ளூர்ப் பானத்துக்கு அன்று குளிர்பெட்டியில் கிடைத்த இடத்தைச் சில கடைகள் இன்றும் எடுக்கவில்லை. அந்த இடம்தான் உண்மையான லாபம். அதைக் காப்பது நம் கையில் இருக்கிறது.

விளாங்குடியிலிருந்து தமுக்கம் அதிக தூரம் இல்லை. ராணி மங்கம்மாள் அரண்மனையில் 1959 முதல் இயங்கும் காந்தி நினைவு அருங்காட்சியகத்துக்கு உங்கள் பிள்ளைகளையும் கடைப் பையன்களையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போங்கள். காந்தியடிகள் கடைசியாக உடுத்தியிருந்த துணி அங்கே இருக்கிறது. அதன் முன் நின்று, இந்த நாட்டில் ஒரு கெஜம் துணிக்காக யார் யார் என்னென்ன விலை கொடுத்தார்கள் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். மறியலில் நின்றவரோடு, முத்திரை வைத்த பேலுக்கு மாதா மாதம் வட்டி கட்டிய கடைக்காரரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.